துப்பாக்கி வகுப்பில் நான்தான் பொதுமக்கள்

சிங்கப்பூர் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று எழுதி வரச் சொல்லித்தான் எங்கள் பத்திரிகை ஆசிரியர் எனக்கு விடுப்புக் கொடுத்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. திருச்சியில் நான் வேலை பார்த்த பத்திரிகையில், வெளிநாடு போகிற யாரையும் ஒரு கட்டுரைத் தொடர் இல்லாமல் திரும்ப விடமாட்டார்கள். சுத்தமாகத்தான் இருந்தது. அப்படியே எழுதிக் கொடுத்தேன். கைத்துப்பாக்கி வகுப்பில் போய் உட்கார்ந்ததை மட்டும் எழுதவில்லை. பெண்கள் பகுதியில் அதற்கு இடமில்லை என்றார் ஆசிரியர்.

என் அக்கா பிலோமினா மார்சிலிங்கில் இருந்தாள். தீவின் வடக்குக் கோடி. அவள் வீட்டு ஜன்னலில் நின்றால் கடலுக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் தெரியும். அடுக்குமாடிக் கட்டடத்தில் லிப்ட் இருந்தது. ஆனால் எல்லா மாடியிலும் நிற்காது. அக்காவின் மாடிக்கு மேல் மாடியில் இறங்கி, படிவழியாகக் கீழே வரவேண்டும்.

"நம்ம மாடியில ஏன் நிக்காது?" என்று கேட்டேன்.

"எல்லா மாடியிலயும் நின்னா அது லிப்டா? பஸ்ஸு லா" என்றாள் அக்கா, அந்த ஊர்க்காரர்களைப் போலக் கடைசியில் ஒரு 'லா' போட்டு.

விமான நிலையத்துக்கு அக்கா வரவில்லை, அத்தான் வந்திருந்தார். அமல்ராஜ் அத்தான் ஒரு பாதுகாப்பு நிறுவனத்தில் காவலர். இரவெல்லாம் ஒரு கிடங்கின் வாசலைக் காத்துவிட்டு, சீருடையுடனே என்னை அழைக்க வந்தவர், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கினார். நிறுத்தம் வந்ததும் சரியாக விழித்துக்கொண்டார். பயிற்சி என்றார்.

அக்காவுக்கு ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பகல் வேலை. அத்தானுக்கு இரவு வேலை. காலையில் தரைத்தளத்து லிப்ட் வாசலில் அவர் வந்து சேரும்போது அவள் கிளம்புவாள். மாலையில் அவள் வந்து சேரும்போது அவர் கிளம்புவார். அந்த ஒரு நிமிடத்தில் குடும்பம் நடக்கும். நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

"மீனு ஃப்ரிட்ஜ்ல இருக்கு."

"சரி. கேஸ் தீந்துருச்சு."

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். ஒனக்குக் காய்ச்சல் போயிருச்சா?"

"முந்தாநாளே போயிருச்சு."

கல்யாணமாகி ஆறு வருடம். "ஒரே கட்டில்ல ரெண்டு ஷிப்ட் ஓடுது, ஜெசி" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சிரிக்கும்போது முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டதையும் கவனித்தேன்.

அந்த நிறுவனத்தில் பகல் வேலை ஒன்று இருந்தது. சிராங்கூன் ரோட்டு நகைக்கடைகளிலிருந்து பொட்டலங்கள் வங்கிக்கும் பட்டறைக்கும் போகும். கூடவே ஒரு ஆள் சாதாரண உடுப்பில், சட்டைக்குள் ரிவால்வரோடு, யாரோ வழிப்போக்கனைப் போல நடந்து போகவேண்டும். அதற்கு ஒரு பயிற்சி வகுப்பு. சுடுகிற பாகத்தில் அத்தான் தேறிவிட்டார். குறி நன்றாக இருந்ததாம். நடக்கிற பாகத்தில்தான் தவறிவிட்டார். துப்பாக்கி இருப்பது தெரியாமல் நடக்க வேண்டும். ஆர்ச்சர்ட் ரோட்டுப் பேரங்காடி ஒன்றில் நடக்கவிட்டபோது, நகரும் படிக்கட்டை அடைவதற்குள் தேர்வாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். இந்த முறையும் தவறினால் மூன்றாவது வாய்ப்புக் கிடையாது. சாகிற வரைக்கும் கிடங்கு வாசல்தான் என்றார் அத்தான்.

"நீ பேப்பர்க்காரிதானே, எல்லாத்தயும் உத்துப் பாப்பே. கிளாசுக்கு வர்றியா?" என்று கேட்டார். "பொதுமக்கள் வேணுமாம்."

வகுப்பில் பஸ் பயணிகள், கடைக்கு வந்தவர்கள் என்று நடிக்க ஆள் தேவை. பயிற்சி பெறுகிறவர்கள் வீட்டிலிருந்து யாரையாவது கூட்டி வரலாம் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அக்காவுக்கு வேலை. அதனால் நான் பொதுமக்கள் ஆனேன்.

வகுப்பு பிடோக்கில் நடந்தது. மார்சிலிங் வடக்கு என்றால் பிடோக் கிழக்கு. அத்தான் இரவு வேலை முடிந்து நேரே அங்கே போய்விடுவார். நான் தனியாக பஸ் ஏறினேன். எந்த நிறுத்தம் என்று எழுதி வாங்கிக்கொண்டிருந்தேன். நிறுத்தமும் வந்தது. எழுந்து நின்றேன். பஸ் நிற்கவில்லை. எங்கள் ஊரில் இறங்குகிறவர் எழுந்தால் கண்டக்டர் விசில் ஊதுவார்; பஸ் நிற்கும். இங்கே கண்டக்டரே இல்லை. தலைக்கு மேல் இருந்த மணியை நாமே அழுத்தவேண்டும் என்பதை நான் புரிந்துகொள்வதற்குள் இரண்டு நிறுத்தங்கள் போய்விட்டன. திரும்பி நடந்தேன். வழியில் அறை வாடகைக்கு விடும் அட்டை ஒன்றில் 'வடகைக்கு' என்று எழுதியிருந்தது. பேனாவை எடுத்து, விட்டுப்போன துணைக்காலைப் போட்டுவிட்டு வந்தேன்.

ஒரு கட்டடத்தின் தரைத்தளக் கூடத்தில் வகுப்பு. துப்பாக்கி வகுப்பு என்றதும் நான் கற்பனை செய்திருந்த எதுவும் அங்கே இல்லை. மின்விசிறி சுற்றியது. நாற்காலிகள் பஸ் இருக்கைகளைப் போல இரண்டிரண்டாகப் போடப்பட்டிருந்தன. உண்மையான ரிவால்வர் ஒன்றை முதலில் மூடிய பெட்டியில் கொண்டுவந்து காட்டிவிட்டு, உடனே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மற்றபடி எல்லாம் மரத்துப்பாக்கிகள். கனத்துக்காக உள்ளே ஈயம் ஊற்றியவை.

பயிற்சியாளர் யூசோஃப், போலீசிலிருந்து ஓய்வு பெற்ற மலாய்க்காரர். ஒல்லியான ஆள். எல்லோரும் அவரை 'என்சிக்' என்றார்கள். ஐயா என்பதைப் போல. மலாயும் ஆங்கிலமும் கலந்து மெதுவாகப் பேசுவார். பக்கத்தில் இருந்த கோவிந்தசாமி எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். கோவிந்தசாமியும் பயிற்சிக்கு வந்தவர்தான். வாயை மூடத் தெரியாதவர்.

"துப்பாக்கியைப் பார்த்தால் ஜனங்கள் ஓடுவார்கள்" என்றார் யூசோஃப். "ஓடுகிற கூட்டத்தில் திருடனையும் தெரியாது, உன்னையும் தெரியாது. அதனால் துப்பாக்கியை யாரும் பார்க்கக் கூடாது. அது இடுப்பில் இருப்பதை நீயே மறந்துவிட வேண்டும். தேவைப்படும்போது மட்டும் ஞாபகம் வரவேண்டும்."

"எம் பொண்டாட்டிய அப்படித்தான் மறந்துட்டு, அப்புறம் ஞாபகம் வச்சுக்கிறேன்" என்றார் கோவிந்தசாமி, என் காதில்.

பொதுமக்கள் மொத்தம் இரண்டு பேர். நானும், பயிற்சிக்கு வந்த லிம் என்பவரின் தாயாரும். அந்தச் சீனத்து அம்மாவுக்கு ஹொக்கியன் என்கிற சீனப் பேச்சு மட்டும்தான் தெரியும். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அவர் கைப்பையில் இருந்த வறுத்த தர்பூசணி விதைதான். முன்பல்லால் கடித்து உடைத்துப் பருப்பை மட்டும் நாக்கால் எடுக்கவேண்டும். முதல் விதையை நான் முழுதாக விழுங்கியதும் அவர் என் முதுகில் தட்டினார்.

ஒவ்வொருவராக 'பஸ்'ஸில் ஏறி, காசு போட்டு, உட்கார்ந்து, கீழே கிடந்த குடையைக் குனிந்து எடுத்து, இறங்கவேண்டும். சிலரிடம் துப்பாக்கி இருக்கும், சிலரிடம் இருக்காது. இருப்பதாகத் தோன்றினால் பொதுமக்கள் கையைத் தூக்கவேண்டும். லிம் வாசலில் காலை வைத்ததுமே அவர் அம்மா கையைத் தூக்கிவிட்டார். எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள். லிம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தானே மொழிபெயர்த்தார்: "சின்ன வயதிலிருந்து எதை ஒளித்தாலும் என் மூஞ்சி இப்படித்தான் இருக்குமாம்."

அடுத்து அத்தான். நல்ல சட்டை, முகம் சாதாரணமாக இருந்தது. ஏறினார். காசு போடுகிற பாவனை செய்தார். இரண்டடி வைத்தார்.

"கை!" என்றார் யூசோஃப்.

அத்தானின் வலது கை இடுப்பைத் தொட்டுவிட்டு வந்திருந்தது. திரும்ப ஏறச் சொன்னார்கள். திரும்ப "கை!" மூன்றாவது தடவை அவர் கையை இறுக்கி வைத்துக்கொண்டார். குடைக்குக் குனிந்து நிமிர்ந்ததும் முழங்கை தானாக இடுப்புக்குப் போனது.

"நான் தொடலயே!" என்றார் அத்தான். பொய் சொல்கிற முகமில்லை, அவருக்கே தெரியவில்லை.

"அமலு, ஒன் இடுப்புல இருக்கறது துப்பாக்கியா, கொழந்தயா? அந்தத் தடவு தடவுற" என்றார் கோவிந்தசாமி. அவர் ஏறியபோது அவர் கையும் போனது. வகுப்பே சிரித்தது. யூசோஃப் மட்டும் சிரிக்கவில்லை. தேர்வு அடுத்த வாரக் கடைசியில் என்று ஞாபகப்படுத்தினார்.

பக்கத்து உணவுக்கடையில் மீ கோரிங் சாப்பிட்டோம். சிவப்பாக, எண்ணெயில் பளபளத்த நூடுல்ஸ். உருளைக்கிழங்கும் முட்டையும் போட்டு, ஓரத்தில் வெள்ளரிக்காயும் தக்காளி சாஸும் வைத்துக் கொடுத்தார்கள். நம் ஊர்க்காரர் செய்வதுதான், ஆனால் நம் ஊரில் கிடைக்காது. அத்தான் பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டார்.

"ஒங்க அக்காகிட்ட இன்னிக்குக் கை போச்சுன்னு சொல்லிராத."

"சொல்லமாட்டேன்."

"அவ கேப்பா."

"நீங்க லிப்ட் வாசல்லதானே பாக்குறீங்க? அதுக்குள்ள எவ்வளவு கேட்டுருவா?"

அவர் சிரிக்கவில்லை. அந்த நகைச்சுவை சரியான இடத்தில் விழவில்லை என்று எனக்கும் தெரிந்தது.

மறுநாள் வீட்டில் இருந்தேன். அத்தான் தூங்கி எழுந்து கைலியோடு நடமாடினார். அடுப்படிக்குப் போனார், கை இடுப்புக்குப் போய்க் கைலியைச் சுருட்டி இறுக்கிவிட்டு வந்தது. கதவைத் திறந்தார், அதற்கு முன் கை இடுப்புக்குப் போனது. மூங்கில் கழியில் துணி மாட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். நீட்டி முடித்ததும் முழங்கை. மாலையில் வேலைக்குக் கால்சட்டை போட்டு பெல்ட்டையும் இறுக்கிக்கொண்டு கிளம்பினார். வாசலைத் தாண்டியதும் கை இடுப்புக்குப் போனது. அங்கே துப்பாக்கி இல்லை. கைலியும் இல்லை.

ஒரு வேலை ஒரு மனிதனை எப்படிப் பழக்கிவிடுகிறது! பகலெல்லாம் வீட்டில் இருப்பவர் பகலெல்லாம் கைலியில் இருக்கிறார். கட்டக் கட்ட அவிழும் துணியைப் பல வருடமாக இறுக்கிய கைக்கு, கால்சட்டை வேறு கைலி வேறு என்று தெரியவில்லை.

அடுத்த வகுப்பில் அதை யூசோஃபிடம் சொன்னேன். "அவர் துப்பாக்கியைத் தொடவில்லை. துப்பாக்கி இல்லாதபோதும் பாருங்கள்." கோவிந்தசாமி மலாயில் சொன்னார், கூடவே தன்னுடைய கைக்காகவும் வாதாடியிருப்பார் போல, என் ஒரு வரி அவரிடம் நீண்ட உரையாக ஆகிவிட்டது.

யூசோஃப் எல்லோரையும் ஒதுங்கி நிற்கச் சொல்லி, அத்தானைத் துப்பாக்கி இல்லாமல் நடக்கச் சொன்னார். அத்தான் நடந்தார். கை போனது. யூசோஃப் யோசித்தார். பிறகு தானே கூடத்தின் அந்தக் கோடிக்கு நடந்து போய்த் திரும்பினார். பாதி வழியில் அவருடைய கை அவருடைய இடுப்பில் இருந்தது. அவரும் வீட்டில் சாரோங், அதாவது மலாய்க் கைலி, கட்டுகிறவர்தான்.

கூடம் அதிர்ந்தது. லிம்மின் அம்மா எதற்கென்று தெரியாமலே என்னைவிட அதிகமாகச் சிரித்தார். யூசோஃப் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அத்தானின் தோளில் கையை வைத்தார்.

"காரணம் இப்போது எனக்குத் தெரியும். ஆனால் திருடனுக்குக் காரணம் தெரியாதே. அவனுக்குக் கை மட்டும்தான் தெரியும். கை போனால் ஃபெயில்."

அன்று இரவு வேலைக்கு அத்தானுக்கு விடுமுறை. அக்கா விஷயத்தைக் கேட்டாள். சிரித்தாள். பிறகு எழுந்து போய் வீட்டிலிருந்த கைலிகள் எல்லாவற்றையும் சுருட்டி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டினாள்.

"பிலோமி, தூங்கறதுக்கு ஒண்ணு குடு லா."

"பேண்ட்டப் போட்டுட்டே தூங்குங்க. பெல்ட்டும் போட்டுக்குங்க."

அந்த நாட்களில் அத்தான் வீட்டுக்குள் இஸ்திரி போட்ட கால்சட்டையில் உலவினார். பக்கத்து வீட்டு மலாய் அம்மா எட்டிப் பார்த்து, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். கை நிற்கவில்லை. குறைந்தது, நிற்கவில்லை. அத்தான் கையை அடக்கியபோது நடையே மாறிப்போனது. கூடை சுமக்கிறவரைப் போல நடந்தார். அக்கா லிப்ட் வாசலில் அதைப் பார்த்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்குப் போனோம். கோயில் நிறைந்திருந்தது. நற்செய்தி வாசிக்க எல்லோரும் எழுந்து நின்றார்கள். எனக்கு ஜெபப் புத்தகத்தில் கவனம் இல்லை. எழுந்த ஆண்களில் பாதிப் பேர், கணக்கர், ஆசிரியர், கப்பல் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர், எல்லோரும் கால்சட்டை போட்டவர்கள், எழுந்ததும் இடுப்பைத் தொட்டு ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டார்கள். அத்தானை முழங்கையால் இடித்துக் காட்டினேன். அவரும் பார்த்தார். பூசை முடியும் வரை முன்னால் இருந்தவர்களின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வகுப்பில் யூசோஃப் தேர்வு எங்கே என்று சொன்னார். பேரங்காடி இல்லை. நகைக்கடைகள் இருக்கிற இடத்திலேயே: தேக்கா மார்க்கெட்டின் பஃபலோ ரோட்டு வாசலில் தொடங்கி, கூட்டத்தினூடே நடந்து, சிராங்கூன் ரோட்டில் ஒரு நகைக்கடை வரை. உள்ளூர்க் காவல் நிலையத்துக்குச் சொல்லியாகிவிட்டது. கூட்டத்தில் இரண்டு கண்காணிப்பாளர்கள் இருப்பார்கள், யாரென்று தெரியாது. அவர்கள் யாரைத் தொட்டு நிறுத்துகிறார்களோ அவர் ஃபெயில்.

"என்ன உடுப்பு, என்சிக்?" என்று கேட்டார் அத்தான்.

"அந்த இடத்துக்குப் பொருத்தமான உடுப்பு."

அத்தான் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் ஏதோ இருந்தது. அப்போது எனக்கு அது என்னவென்று பிடிபடவில்லை.

சனிக்கிழமை மாலை தேக்கா. தீவின் மற்ற இடங்களில் வரிசையில் நிற்கிற தமிழர்கள் இங்கே வந்ததும் வரிசையை மறந்துவிடுகிறார்கள். மல்லிகைப் பூ, ஆட்டுக்கறி, ஈரத் தரை, மிளகாய்த்தூள் அரைக்கிற வாசனை. கத்தரிக்காயைப் பொறுக்கினால் கடைக்காரர் திட்டினார். அந்தத் திட்டைக் கேட்டதும் ஊர் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

நான் தனியாகப் போய் முருங்கைக்காய்க் கடைக்கு எதிரே நின்றுகொண்டேன். கண்காணிப்பாளர் ஒருவரை உடனே கண்டுபிடித்துவிட்டேன். பூப்போட்ட சட்டைக்காரர், ஒரே கத்தரிக்காயை வெகு நேரமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கடைக்காரரும் அவ்வளவு நேரம் விடமாட்டார்; முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

முதலில் லிம் வந்தார். அவர் முகத்தைப் பார்த்துப் பூப்போட்ட சட்டைக்காரர் கத்தரிக்காயைக் கீழே வைத்தார். லிம்மின் கதை முடிந்தது. அடுத்து கோவிந்தசாமி. ஒரு வாரம் பயிற்சி செய்து கையை முழுதாக அடக்கிவிட்டிருந்தார். இரண்டு கைகளும் அசையாமல் தொங்க, அணிவகுப்பில் போகிறவரைப் போல வாழைத்தார்களுக்கு நடுவே வந்தார். தேக்காவில் சனிக்கிழமை மாலை அப்படி நடப்பவர் உலகத்தில் யாரும் இல்லை. மீன் பக்கம் நின்ற இன்னொருவர் அவர் தோளைத் தொட்டார்.

அத்தானைத் தேடினேன். வரவில்லை. பிறகுதான் பார்த்தேன், அவர் என்னைக் கடந்தே போய்விட்டிருந்தார்.

வேட்டி கட்டியிருந்தார். வெளியே தொங்கவிட்ட அரைக்கைச் சட்டை, அதற்குள் நம் ஊர் வியாபாரிகள் கட்டுகிற அகலமான பச்சை பெல்ட். காலில் ரப்பர் செருப்பு. வலது கை இடுப்பில் இருந்தது, அது பாட்டுக்கு இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. நான் சுற்றிலும் பார்த்தேன். வாழையிலை விற்பவர் இடுப்பில் கை. மூட்டை இறக்குபவர் இடுப்பில் கை. தேங்காய் பேரம் பேசுகிற பெரியவர், வார்த்தைக்கு ஒரு தரம். அந்தத் தெருவே வேட்டியை இறுக்கிக்கொண்டிருந்தது.

பூப்போட்ட சட்டைக்காரருக்கு எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. அவருக்குக் கற்றுக்கொடுத்தது கையைப் பார்க்க. பார்த்த பக்கமெல்லாம் கை. கடைசியில் ஒரு வெற்றிலை வியாபாரியை நிறுத்தினார். வியாபாரி இடுப்பிலிருந்து உருவிக் காட்டியது ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ. அது பாடிக்கொண்டே வெளியே வந்தது.

அத்தான் பாதித் தூரம் தாண்டிவிட்டார். அப்போது எதிரே ஞானம்மா அக்கா வந்தார். எங்கள் அக்காவின் பங்குக் கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவர். குரல் அதற்கேற்ற குரல்.

"அமலு! என்னய்யா வேட்டியில? யாருக்கு விசேஷம்?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா காத்தாட."

"பூசைக்குப் பேண்ட்டு, மார்க்கெட்டுக்கு வேட்டியா? சாமியவிட மீன்காரன் ஒசத்தியாப் போய்ட்டானா? இந்தா, இதப் புடி, பர்ச எங்கயோ வச்சுட்டேன்."

இரண்டு பைகளை அவருடைய இரண்டு கையிலும் கொடுத்துவிட்டுக் கைப்பையைக் குடைய ஆரம்பித்தார். ஒரு பையில் தேங்காய்கள். இன்னொன்றில் மீன். அத்தானுடைய இரண்டு கையும் போயிற்று. பெல்ட் புதிது, தோல் இன்னும் பழகவில்லை. உள்ளே ஈயம் ஊற்றிய மரத்துப்பாக்கி. வேட்டி இறங்கத் தொடங்கியதை நான் முருங்கைக்காய்க் கடையிலிருந்தே பார்த்தேன். அத்தான் முழங்காலை மடக்கினார். முழங்கையை இடுப்போடு அழுத்தினார். பூப்போட்ட சட்டைக்காரர் சத்தம் கேட்டுத் திரும்பி, நேராக அவரை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

எனக்கு மார்சிலிங்கின் லிப்ட் வாசல் ஞாபகம் வந்தது. அக்காவின் ஒரு நிமிடம்.

"அக்கா, பையப் புடிங்க! வேட்டி அவுருது!" என்று அத்தான் கத்தினார்.

கடைக்காரர்கள் சிரித்தார்கள். ஞானம்மா அக்கா "ஐயோ மாதாவே!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே பைகளை வாங்கினார். மூன்றடி தூரத்தில் இருந்த பூப்போட்ட சட்டைக்காரரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு மனிதனின் வேட்டி அவிழும்போது பார்க்கக் கூடாது என்று அவருக்கும் யாரோ சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அத்தான் சாவகாசமாகச் சட்டைக்குள் கையை விட்டு, பெல்ட்டை ஒரு துளை இறுக்கி, வேட்டியைச் சுருட்டிச் செருகி, நகைக்கடையை நோக்கிப் போய்விட்டார்.

எல்லோரும் முனையிலிருந்த தேநீர்க் கடையில் கூடினோம். யூசோஃப் பட்டியலைக் கேட்டார். கண்காணிப்பாளர்கள் சொன்னார்கள். "அமல்ராஜ்?" என்றார். அவர் வரவே இல்லை என்றார் பூப்போட்ட சட்டைக்காரர்.

அத்தான் சட்டையைத் தூக்கி, மரத்துப்பாக்கியை எடுத்து, முர்தபா என்கிற கறிப் பரோட்டாத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவர் கை அந்தரத்தில் நின்றது. யூசோஃப் அவசரமாக ஒரு தமிழ்ப் பத்திரிகையை எடுத்து அதன்மேல் மூடினார்.

"கை போனது. நான் நகைக்கடைக்குள்ளிருந்து பார்த்தேன். பலமுறை போனது."

"எல்லார் கையும் போச்சு, என்சிக்."

"இது வேட்டி."

"எடத்துக்கு ஏத்த உடுப்புன்னு நீங்கதான சொன்னீங்க?"

யூசோஃப் தேநீரைக் குடித்தார். கோவிந்தசாமி முர்தபாவைப் பிய்ப்பதை நிறுத்தினார். அத்தான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒருவர் தெருவைக் கடந்தார், இடுப்பை இழுத்துவிட்டுக்கொண்டே. யூசோஃப் அவரைக் கடைசி வரை பார்த்தார்.

"பாஸ்" என்றார். "சிராங்கூன் ரோட்டுக்கு மட்டும். இந்தத் தெருவைத் தாண்டி உன்னை எங்கேயாவது அனுப்பினால் என் மானம் போகும்."

கோவிந்தசாமி அத்தானைக் கட்டிப் பிடித்தார். "ஒனக்குத் துப்பாக்கி கெடச்சுது. எனக்கு அடுத்த தடவைக்கு ஒன் வேட்டியக் குடு" என்றார். லிம் எல்லோருக்கும் இன்னொரு சுற்று தேநீர் சொன்னார். அவருடைய முகத்தில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

நான் ஊர் திரும்புவதற்கு முன் அவர் பகல் வேலையில் சேர்ந்துவிட்டார். முதல் நாள், ரிவால்வரை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தார். அக்காவும் அப்போதுதான் வந்திருந்தாள். கைலிப் பெட்டியைத் திறந்து கொடுத்தாள். தரையில் பாய் விரித்து இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஆவி பறக்கிற மீன் குழம்பு.

அத்தான் ஒரு வாய் எடுத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"என்ன பிலோமி, இவ்வளவு காரம்?"

"எப்பவும் போடறதுதான்."

"இல்லவே இல்ல. இப்படி இருந்ததே கெடையாது."

"ஆறு வருஷமா இதத்தான் டிபன்ல கட்டித் தர்றேன். லீவு நாள்ல கோழிதான் வைப்பேன், மீனுக் கொழம்ப நடுராத்திரி ஆறிப்போனதத்தான் தின்னீங்க, காரம் தெரியல. சூடா தின்னாதான் தெரியும்."

"அப்ப ஆறு வருஷமா என் வயித்த எரிச்சிருக்க!"

"ஆறு வருஷமா ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"எங்கேந்து சொல்றது? லிப்ட்லயா?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையை இடுப்பில் ஊன்றினாள். குரல் உயர்ந்தது. அவர் குரலும் உயர்ந்தது. பேச்சு குழம்பிலிருந்து மின்விசிறிக்குப் போய், அங்கிருந்து கட்டிலில் யார் எந்தப் பக்கம் என்பதற்குப் போனது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை, இரண்டு பேரும் சாப்பிடுவதை நிறுத்தவும் இல்லை. இப்போதைக்கு முடிகிற சண்டையாகத் தெரியவில்லை. முடிக்கிற அவசரமும் யாருக்கும் இல்லை.

நான் என் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்தினேன். படியேறி மேல் மாடிக்குப் போய் லிப்டுக்காக நின்றபோதும் அக்காவின் குரல் கேட்டது. லிப்ட் வந்தது. காலியாக இருந்தது.